நூற்றாண்டு மலருக்குக் கட்டுரைகள்: நேரமே இல்லை, ஏ.ஐ.யிடம் கொடுத்துவிடலாமா?

கரிசல்செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். விளாத்திகுளம் பக்கம் நான் படித்த கிராமத்துப் பள்ளிக்கு இந்த வருஷம் நூறு வயசு. விழாக் குழுவில் பந்தல், சாப்பாடு, மைக் செட் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டி போட்டு வந்தார்கள், நூற்றாண்டு மலருக்கு மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் "நீதான் நல்லா எழுதுவியேம்மா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குக் கோவில்பட்டியில் கணக்கு வேலை. மார்ச் முடிகிற வரைக்கும் வீட்டுக்கு வரவே ராத்திரி ஆகிவிடும். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வேறு, சொட்டு மருந்து நேரத்துக்குப் போட வேண்டும். அச்சகத்துக்காரர் மாதக் கடைசிக்குள் மேட்டர் கைக்கு வந்தால்தான் விழா மேடையில் புத்தகம் என்கிறார்.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் நிறைய (பெரியவர்கள் யாரும் எழுதித் தரமாட்டேன் என்கிறார்கள், பேசச் சொன்னால் நிறுத்தமாட்டேன் என்கிறார்கள்). கோடு போட்ட தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பிய பக்கங்கள் கொஞ்சம். கரையான் அரித்தது போக மிச்சமிருக்கும் சேர்க்கைப் பதிவேடு. அப்புறம் மாணவர்களுக்கு வைத்த கட்டுரைப் போட்டித் தாள்கள்.

போன வாரம் குழுவில் இருக்கும் தம்பி ஒருவன் ஒரே ராத்திரியில் சாட்ஜிபிடியில் கட்டுரைகளைத் தயார் பண்ணி அனுப்பிவிட்டான். எல்லோரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள். படித்துப் பார்த்தேன், தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. ஆனால் முதல் வரியே இப்படி: "பசுமை போர்த்திய வயல்வெளிகளின் நடுவே அறிவின் ஒளிவிளக்காகத் திகழும் இப்பள்ளி வெறும் கட்டடம் அல்ல, அது ஓர் உணர்வு." எங்கள் ஊரில் ஏது வயல்? கரிசல் காடு, மானாவாரி, பருத்தியும் மிளகாயும் கம்பும் போடுகிற இடம், ஐப்பசியில் மழை ஏமாற்றினால் அதுவும் கிடையாது. குழுவில் சொன்னேன். "அதை மட்டும் மாத்திக்கலாம்க்கா" என்றான். மாற்றினால் சரியாகிவிடுமா என்பதுதான் என் சந்தேகம்.

ஏ.ஐ. கூடவே கூடாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம், எனக்கு நேரம் கடன் கொடுக்க உங்களில் ஒருவரும் வரப்போவதில்லை. எந்த வேலையை அதனிடம் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது, இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புப்பார்ப்பவன்:

சகோதரி, வயல்வெளி கண்ணில் பட்டது, ஏனென்றால் அது உங்கள் ஊர். கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அச்சுப்பிழை பார்க்கிற பிழைப்பு, இப்போது வருகிற மலர்களில் பாதி இந்த ரகம்தான்.

அந்தக் கட்டுரைகளில் முதலில் ஆண்டுகளை மட்டும் பாருங்கள். "1965-ல் இங்கே பிளஸ் டூ முடித்தவர்" என்று யாரைப் பற்றியாவது வந்திருக்கிறதா? தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்ததே 1978-ல். அதற்கு முன்னால் பதினொன்றாவது எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் கல்லூரியில் பி.யூ.சி. பள்ளி ஆரம்பித்தபோதே "தூத்துக்குடி மாவட்டத்தில்" என்று போட்டிருக்கிறதா? அந்த மாவட்டம் 1986-ல்தான் பிரிந்தது, உங்கள் பள்ளி பிறந்தபோது அது திருநெல்வேலி ஜில்லா. சத்துணவு பற்றி ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். அதில் மதிய உணவே 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில்தான் தொடங்கியது என்று எழுதியிருந்தால் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கி வைத்தது உங்கள் பக்கத்து எட்டயபுரத்தில். 1982-ல் வந்தது அதன் பெரிய விரிவாக்கம்.

குறள் மேற்கோள் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. குறள் நிஜமாக இருக்கும், எண் தப்பாக இருக்கும். சில சமயம் எண் சரியாக இருக்கும், குறள் அதுவே கட்டிய சொந்தச் சரக்கு. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, இதை எண்ணினாலே பாதி போலி அகப்பட்டுவிடும். மீதியை மதுரைத் திட்டத்தில் தேடிப் பாருங்கள், 1998-லிருந்து அவர்கள் இலக்கியங்களை மின்பதிப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது.

இது ஏன் என்றால், உங்கள் பள்ளியைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்குப் போட்டு எழுதுகிற இயந்திரம் அது. தெரியாத இடத்தில் நிற்கத் தெரியாது, எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடும். அமெரிக்காவில் சிநெட் என்ற பெரிய தொழில்நுட்பத் தளமே ஏ.ஐ. எழுதிய 77 கட்டுரைகளைப் போட்டு, 2023 ஜனவரியில் அதில் 41-க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. அவர்களிடம் சம்பளத்துக்கு ஆசிரியர் குழு இருந்தது. உங்களிடம் இருப்பது சொட்டு மருந்துக்கு நடுவில் கிடைக்கிற அரை மணி.

ஆகவே கணக்கு இப்படி வருகிறது. எழுத நேரமில்லை என்று அதனிடம் கொடுத்தால், எழுதுகிற நேரம் மிச்சம், சரிபார்க்கிற நேரம் இரண்டு மடங்கு. நாமே எழுதியதில் எது சந்தேகம் என்று நமக்குத் தெரியும், அங்கே மட்டும் பார்த்தால் போதும். இதில் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட வேண்டும்.

வம்பன்:

அக்கா, உண்மையைச் சொன்னால் எல்லோரும் என் மேல் பாய்வார்கள். மலரை யார் படிக்கப் போகிறார்கள்? அவரவர் போட்டோ எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் தன் பக்கம் கலரில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய்விடும். அதற்குப் போய் ராத்திரி கண் விழிப்பானேன்?

அதிலும் வாழ்த்துரை என்று ஒரு முப்பது பக்கம் வரும் பாருங்கள். எம்.எல்.ஏ.வோ அதிகாரியோ அதைத் தன் கையால் எழுதி எந்தக் காலத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? குழுச் செயலாளர் எழுதி, லெட்டர்பேடில் அடித்து, பி.ஏ.விடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது ஐம்பது வருஷப் பழக்கம். பேரை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த வேலையை ஏ.ஐ.க்குக் கொடுப்பதால் தமிழுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது அதற்காகவே பிறந்த மாதிரி எழுதும்.

மெய்ப்பு ஐயா சொன்ன தேதி விஷயம் சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனுஷன் எழுதிய மலர்களில் மட்டும் தப்பு இல்லையா? எங்கள் ஊர்க் கோயில் மலரில் கும்பாபிஷேகம் நடந்த வருஷம் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக இருந்தது.

பெங்களூர்வாசி:

வம்பன் சொன்னதில் வாழ்த்துரை பற்றியது நூற்றுக்கு நூறு. அக்கா, முதல் வேலையாக அதைத் தள்ளிவிடுங்கள். பதவி, பெயர், பள்ளி பெயர், ஆண்டு கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடியும். நன்றியுரை, விளம்பரம் கேட்டு எழுதும் கடிதம், நன்கொடை ரசீதுக்கான வாசகம், இதெல்லாமும் அதே கணக்குதான்.

குரல் பதிவுகள் வேறு கதை. தம்பி செய்த தப்பு ஏ.ஐ.யைப் பயன்படுத்தியது இல்லை, வெறுங்கையோடு போனது. "பள்ளி நூற்றாண்டு பற்றி ஒரு கட்டுரை எழுது" என்றால் அது வயல்வெளியைத்தான் தரும், வேறு எதைத் தரும்? உங்களிடம் ஒரு மூட்டை சரக்கு இருக்கிறது. அதைக் கொடுத்து, சேர்க்காதே என்று சொல்ல வேண்டும்.

நான் அப்பாவின் நினைவுகளைத் தொகுத்தபோது செய்தது இது. ஒலிக் கோப்பை நேராக ஏற்றினால் இப்போது பல செயலிகள் எழுத்தாக்கிக் கொடுக்கின்றன, இல்லையென்றால் போன் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் கேட்டுக் கேட்டு வாயால் சொன்னாலும் எழுத்தாகும், சமைத்துக்கொண்டே செய்யலாம். வந்த எழுத்தை ஒட்டி, அதற்கு மேலே இப்படிப் போடுங்கள்:

"இது ஒரு பெரியவர் பேசியது. வரிசை மட்டும் ஒழுங்குபடுத்து. அவர் சொல்லாத எதையும் சேர்க்காதே. அவருடைய பேச்சுச் சொற்களை மாற்றாதே. முன்னுரை, முடிவுரை, அறிவுரை வேண்டாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், ஆண்டு எதிலாவது சந்தேகம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடு, நீயாக ஊகிக்காதே."

கடைசி வரி ரொம்ப முக்கியம். அது இல்லையென்றால் புரியாத இடத்தை அழகாக மூடிவிடும்.

ஒரு நேரத்துக்கு ஒரு பதிவுதான் கொடுங்கள். தமிழ் எழுத்து உள்ளே போகும்போது துண்டு துண்டாக உடைகிறது, ஆங்கிலத்தைவிட அதிகமாகவே. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்தில் ஒரே தமிழ் வாசகம் முன்பு 116 துண்டாக உடைந்து, புதியதில் 35 ஆகக் குறைந்திருந்தது. பெரிய முன்னேற்றம்தான், அதற்காக எல்லாப் பெரியவர்களையும் ஒரே பெட்டியில் கொட்டினால் ஒருவர் பேசியதை இன்னொருவர் வாயில் வைத்துவிடும்.

இன்னொன்று. சேர்க்கைப் பதிவேட்டைப் படம் பிடித்து ஏற்றாதீர்கள். அதில் பிறந்த தேதி, தகப்பனார் பெயர், சாதி எல்லாம் இருக்கும், உயிரோடு இருக்கிறவர்களுடையது. எத்தனை பேர், எந்த வருஷம் என்று எண்ணிக்கை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும். உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வசதியையும் செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

வம்பன் அண்ணே, யார் படிப்பார்கள் என்று கேட்டீர்களே. பேட்டி கொடுத்த கிழவர் படிப்பார். பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் பேரைப் போட்டு அவர் சொல்லாததை அச்சடித்தால் அதுதான் எனக்கு உறுத்தும், யார் தட்டச்சு செய்தது என்பது உறுத்தாது.

கரிசல்செல்வி:

பெங்களூர்த் தம்பி சொன்ன மாதிரி நேற்று ஒரு பதிவைக் கொடுத்துப் பார்த்தேன். எழுபது தாண்டிய ஒரு தாத்தா, அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே படித்தவர். அவர் பேசியது இப்படிப் போகும்: "மணின்னா மணி இல்ல தாயி, தண்டவாளத் துண்டு, வேப்பமரத்துல கம்பி போட்டுத் தொங்கும். அதை அடிக்கிறதுக்குப் பயக அடிச்சுக்கிருவோம். மத்தியானம் கேர் மாவு உப்புமா, மஞ்சக் கலரா இருக்கும், வாழையில கிடையாது, பூவரச இலை. வாத்தியாரு நாங்க தின்னு முடிக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டாரு."

எழுத்தாக மாறி வந்ததில் "கேர் மாவு" என்பது "கேழ்வரகு மாவு" ஆகிவிட்டது. படிக்கிறவர் யாருக்கும் சந்தேகமே வராது, கரிசல் காட்டில் கேழ்வரகு என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் அது கேர் என்ற அமெரிக்க அமைப்பு பள்ளிகளுக்கு அனுப்பிய மக்காச்சோள மாவு, எங்கள் அம்மாவும் அதைத் தின்றவள் என்பதால் எனக்குக் காதில் தட்டியது. மஞ்சள் நிறம் என்று அவரே சொல்லியிருக்கிறார், கேழ்வரகு எங்கே மஞ்சளாக இருக்கும்? கேள்விக்குறி போடச் சொல்லியும் அந்த இடத்தில் போடவில்லை, வேறு இரண்டு இடத்தில் போட்டிருந்தது, அது உபயோகமாகத்தான் இருந்தது.

மற்றபடி நன்றாகவே வந்திருக்கிறது. அவர் மணியில் ஆரம்பித்து, பேத்தி கல்யாணத்துக்குப் போய், மறுபடி மணிக்கு வந்தார், அதையெல்லாம் கோத்துக் கொடுத்துவிட்டது. நான் உட்கார்ந்தால் இரண்டு ராத்திரி ஆகும் வேலை. கடைசியில் மட்டும் "இத்தகைய நினைவுகள் என்றும் நெஞ்சில் நிலைத்திருக்கும்" என்று ஒரு வரி, வேண்டாம் என்று சொல்லியும். வெட்டிவிட்டேன்.

இப்போது போட்டிக் கட்டுரைகளில் சிக்கல். ஆறாம் வகுப்புப் பிள்ளை "பன்முக ஆளுமையின் பரிணாம வளர்ச்சி" என்று எழுதியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஏதோ கருவி இருக்கிறதாமே, அதில் போட்டுப் பார்க்கலாமா?

அஞ்சாப்பு டீச்சர்:

வேண்டாம் செல்வி. அந்தக் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையின் பரிசைப் பிடுங்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023-ல் அப்படி ஒரு கண்டுபிடிப்பான் விட்டது, ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது, துல்லியம் போதவில்லை என்று அந்த வருஷம் ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். அதுவும் ஆங்கிலத்துக்கு. தமிழில் என்ன கதியோ. நன்றாக எழுதுகிற பிள்ளை மாட்டிக்கொள்ளும், அப்பா போனில் எடுத்துக் கொடுத்த பிள்ளை தப்பித்துவிடும்.

பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதுல பரிணாமம்னு எழுதிருக்கியே, என்னடா அது?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், திட்ட வேண்டாம். அப்புறம் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, நம்ம பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிடித்த இடம் எது, ஏன் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். தண்ணித் தொட்டிப் பின்னால் நாய் குட்டி போட்டிருப்பதைப் பற்றி எழுதும், எழுத்துப்பிழையோடு எழுதும், மலருக்கு அதுதான் வேண்டும். வீட்டில் எழுதி வரச் சொல்லும் போட்டியை நான் இப்போது வைப்பதே இல்லை.

பெரியவர்கள் விஷயத்திலும் ஒன்று செய்யுங்கள். கட்டுரை தயாரானதும் அவர்களுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டுங்கள், உங்களுக்கு நேரமில்லை என்றால் என் மாதிரி ஊரில் இருக்கிற டீச்சர் யாராவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிப் படிக்கச் சொல்வார்கள். கேழ்வரகு மாதிரி ஒன்று உங்கள் காதுக்குத் தப்பினாலும் சொன்னவர் காதுக்குத் தப்பாது.

மெய்ப்புப்பார்ப்பவன்:

கேழ்வரகு விஷயம் அபாரம். நான் பார்த்திருந்தாலும் விட்டிருப்பேன்.

ஒற்றுப்பிழைக்கு மறுபடி ஏ.ஐ.யிடம் போகாதீர்கள் சகோதரி, பிழை திருத்தச் சொன்னால் வாக்கியத்தையே திருத்திவிடும், தாத்தாவின் "தாயி" எல்லாம் "அம்மா" ஆகிவிடும். நீச்சல்காரன் உருவாக்கிய நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும், வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவை சந்தேகமான இடத்தைக் காட்டும், முடிவை உங்களிடம் விடும்.

டிடிபி முருகன்:

மேடம், பக்கம் கட்டுகிறவன் தரப்பிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஏ.ஐ.யிலிருந்து எடுத்த மேட்டரை அப்படியே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தலைப்பு, நட்சத்திரக் குறி, நடுவில் நீளக் கோடு, ராக்கெட் பொம்மை, எல்லாம் கூடவே வருகிறது. எங்களிடம் இன்னும் பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறார்கள், யூனிகோடிலிருந்து மாற்றும்போது அந்தக் குறிகளெல்லாம் ஏதோ தமிழ் எழுத்தாக மாறி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் ஒட்டி, ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு எழுதியவர் பெயர், இப்படிக் கொடுத்தால் பாதி நாள் மிச்சம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் பக்கக் கணக்கு. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஐந்து பாரம் என்றால் 80 பக்கம், அதில் 83 பக்க மேட்டர் வந்தால் மூன்று பக்கம் போக வேண்டும். ஏ.ஐ. வந்த பிறகு எந்த மலரும் மேட்டர் குறைந்து வந்ததே இல்லை, எல்லாம் வழிகிறது. எதை வெட்டலாம் என்று இப்போதே பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுங்கள். கடைசி ராத்திரி எங்கள் கையில் விட்டால் வாழ்த்துரையைத் தொடமாட்டோம், தொட்டால் காலையில் எங்களுக்குத்தான் போன் வரும், அந்தத் தண்டவாள மணித் தாத்தாவைத்தான் வெட்டுவோம்.